குறைக்கடத்தியார் இணைந்த படலம்

உலகப் பெருந்தொழில்களின் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ஜப்பானையும் ஜெர்மனியையும் எழுதி முடித்தவுடன் பேனாவை மூடிவிடாதீர்கள். குறைக்கடத்திக் கருவி உற்பத்தியாளர்கள் இருவர், எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஆபீஸ் வற்புறுத்தல் ஒன்றைத் தவிர, தாமாகவே மனமொப்பி ஒன்றாக இணைந்த மகத்தான நிகழ்ச்சி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் போர்ட் பிளேரில் நடந்தது. அந்த இருவரில் ஒருவரான பக்தவத்சலத்துக்கு, தாம் ஒரு குறைக்கடத்திக் கருவி உற்பத்தியாளர் என்பது அந்த வருஷம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி வரை தெரியாது. பெரியவர்களுக்கே உரிய அடக்கம் என்று கொள்ளவேண்டியதுதான்.

அதுவரை அவர் ரேடியோவுக்கு ஏரியல் செய்துகொண்டிருந்தார். உயிர்விட்ட மின்விசிறிகளின் வயிற்றிலிருந்து தாமிரக் கம்பியை உருவி, மூங்கில் குச்சியில் சுற்றி, நுனியில் ஒரு கொக்கி வைத்தால் ஏரியல். பத்திரிகை கப்பலில் வந்து சேர்வதற்குள் அதிலுள்ள மந்திரிகள் மாறிவிடுகிற ஊர் அது. ஆகவே வீட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. டிரான்சிஸ்டர் இருந்த வீட்டிலெல்லாம் பக்தவத்சலத்தின் கொம்பு கூரைமேல் நின்றது.

"இதுல சிலோன் எடுக்குமா?" என்று வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"சிலோன்ல பாடுறவன் தொண்டையைக் கனைச்சாக்கூட எடுக்கும்" என்பார் பக்தவத்சலம்.

அபர்தீன் பஜாரில் எட்டுக்குப் பத்தடி அறை ஒன்று அவருடைய தொழிற்சாலை. அறை அரசாங்கத்துடையது. தீவுக் கைத்தொழில் ஊக்குவிப்பு அலுவலகம் என்ற ஒன்று ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றுக்குள்ளும் அவருக்கு அதைப் புதுப்பித்துத் தரவேண்டும். ஏழு வருஷமாகத் தந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவருக்கு அந்த எண்பது சதுர அடிதான் அந்தமான். மற்றதெல்லாம் சுற்றியிருக்கும் தண்ணீர்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு அந்த அலுவலகத்தின் ஊக்குவிப்பு அதிகாரி பன்னீர்செல்வம் உள்ளே வந்தார். மெயின்லேண்டில் மூன்று வாரம் 'நிர்வாகப் பயிற்சி' பெற்றுக்கொண்டு முந்திய கப்பலில்தான் திரும்பியிருந்தார். போகும்போது ஒரு பெட்டியோடு போனவர், வரும்போது ஒரு பெட்டி, சுருட்டிய சார்ட் பேப்பர், சுட்டிக் காட்டும் குச்சி, 'வியூகம்' என்ற சொல் ஆகிய நான்கோடு வந்திருந்தார்.

"மிஸ்டர் பக்தவத்சலம், நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இதை ஒரு ஞானி கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். அறையைப் புதுப்பித்துத் தருகிறவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"ஏரியல் கடை வச்சிருக்கேன் சார்."

"அதான் இல்லை. நீங்க ஒரு செமிகண்டக்டர் எக்விப்மென்ட் மேனுஃபாக்சரர்."

பக்தவத்சலம் கையிலிருந்த கம்பிக் குறட்டைக் கீழே வைத்தார். "கண்டக்டர் வேலையெல்லாம் நான் பார்த்ததில்ல சார். என் மச்சான் ஒருத்தன் வேலூர்ல பஸ்ஸுல இருக்கான். அவனும் முழுக் கண்டக்டர்தான்."

பன்னீர்செல்வம் பொறுமையாக விளக்கினார். ரேடியோவுக்குள் டிரான்சிஸ்டர் இருக்கிறது. டிரான்சிஸ்டர் என்பது செமிகண்டக்டர். ஆகவே ரேடியோவில் எதைக் கொண்டுபோய் மாட்டினாலும் அது செமிகண்டக்டர் கருவி. இந்தத் தீவுகளில் இப்படிப்பட்ட பெரும் உற்பத்தியாளர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில், ரேடியோவுக்கு பேட்டரிப் பெட்டி செய்யும் சேக் தாவூத்.

"உங்களுக்குள்ள பயங்கரமான போட்டி நடக்குது" என்றார் பன்னீர்செல்வம்.

"பாய்க்கும் எனக்குமா? ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுலதான சார் சாப்பிட்டேன்."

"அது உங்களுக்கே தெரியாம நடக்கிற போட்டி. அதுதான் ஆபத்து." அவர் சார்ட் பேப்பரை விரித்து, நான்கு மூலையிலும் நான்கு ஏரியலை வைத்து, குச்சியால் தொட்டார். "பாருங்க. ஏரியல் மார்க்கெட்ல நூறு சதவீதம் உங்க கையில. பெட்டி மார்க்கெட்ல நூறு சதவீதம் தாவூத் கையில. மொத்தம் எவ்வளவு?"

"இருநூறு."

"எந்த நாட்டுலயாவது இருநூறு சதவீதம் உண்டா? நூறு சதவீதம் உபரி. அதனால ரெண்டு பேரும் இணையணும். இணைஞ்சாத்தான் ஜப்பான்காரன் நம்மைப் பார்த்து யோசிப்பான்."

"இணையலன்னா சார்?"

பன்னீர்செல்வம் சார்ட்டை மெதுவாகச் சுருட்டினார். "மார்ச் முப்பத்தொண்ணு வருது. தனித்தனியா இருக்கிற தொழிலுக்கு ரூம் புதுப்பிக்கிறது கொஞ்சம் சிரமம்னு மேல அபிப்பிராயப்படுறாங்க."

மேலே இருந்தது அந்த அறையின் தகரக் கூரை. பக்தவத்சலம் அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஜங்க்லிகாட்டில் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, அவருடைய மனைவி செல்லம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னமோ வியூகம்ங்கிறாரு. வியூகத்துக்குள்ள வந்துட்டா ரூம் பத்திரம்ங்கிறாரு."

"உள்ள போறதுக்கு வழி சொன்னாரா?"

"சொன்னாரு."

"வெளிய வர்றதுக்கு?"

"அதை நான் கேக்கல."

"அபிமன்யுவும் அதைக் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவள் மீன் தலையை வெட்டினாள்.

மறுநாள் படகில் அக்கரை போனார். சேக் தாவூத் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். சாத்தம் மரமில்லில் ஒதுக்கிப் போடும் படாக்கு மரத் துண்டுகளை வாங்கி, ஆறு டார்ச் செல் படுக்கிற அளவுக்குப் பெட்டி செய்வார். ரேடியோவைவிடப் பெட்டி கனம். ஆனால் புயலுக்கும் அசையாது. குடும்பத்து மனையில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்ததால், எந்த அலுவலகத்தாலும் அவரை அதுவரை ஊக்குவிக்க முடியவில்லை.

"பாய், நாம ரெண்டு பேரும் போட்டியாளருங்களாம்."

"அப்படியா? யாரு ஜெயிக்கிறது?"

"ரெண்டு பேரும் நூறு."

"மாஷா அல்லாஹ். அப்புறம் என்ன கவலை?"

பக்தவத்சலம் கவலையைச் சொன்னார். அறை என்ற சொல் வந்ததும் தாவூத் இழைப்புளியை நிறுத்திவிட்டார்.

"எனக்கு இதுல ஒண்ணும் வெளங்கலண்ணே. ஆனா உங்க ரூம் நிக்கும்னா என்னைய எங்கன வேணும்னாலும் இணைச்சுக்கங்க. உப்பைப் புளியில இணைக்கிற மாதிரி."

இப்படியாக 'பேச்சுவார்த்தை' சுமுகமாக முடிந்தது. ஆனால் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டால் அலுவலகத்துக்கு வேலை இல்லை. ஆகவே பன்னீர்செல்வம் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். தலைமையகம் எந்தக் கரையில்? அபர்தீனில் வைத்தால் தாவூத் மனம் புண்படும். பாம்பூஃப்ளாட்டில் வைத்தால் பக்தவத்சலம் மனம் புண்படும். இருவரும் தங்கள் மனம் அவ்வளவு சீக்கிரம் புண்படாது என்று சத்தியம் செய்தார்கள். அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. பயிற்சியில் 'சம தூரக் கொள்கை' என்று ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். பன்னீர்செல்வம் வரைபடத்தில் இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்து, நூலை இரண்டாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்தார்.

"சார், அது கடல்" என்றார் பக்தவத்சலம்.

"மீனுக்கு மேனேஜர் உத்தியோகம் வருது போல" என்றார் தாவூத்.

பன்னீர்செல்வம் அசரவில்லை. அந்தப் புள்ளியைக் காலை எட்டே முக்கால் படகு தினமும் கடக்கிறது. ஆகவே எட்டே முக்கால் படகே தலைமையகம். நிர்வாகக் கூட்டங்கள் அதில்தான். இக்கரையில் சாத்தம் துறையில் கயிறு அவிழ்த்ததும் கூட்டம் ஆரம்பம். அக்கரையில் கயிறு கட்டியதும் கூட்டம் நிறைவு. உலகத்திலேயே மினிட்ஸ் எழுதுவதற்கு மினிட்டை எண்ணவேண்டியிருந்த ஒரே நிர்வாகக் குழு அதுதான்.

முதல் கூட்டத்தில் இரண்டு ஆடுகளும் ஒரு மிதிவண்டியும் பார்வையாளர்களாகக் கலந்துகொண்டன. பெயர் சூட்டும் தீர்மானம் வந்தது. பன்னீர்செல்வத்துக்குத் தமிழ்ப்பற்று உண்டு. கல்லூரி விஞ்ஞானப் புத்தகம் ஒன்றை மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார்.

"செமிகண்டக்டருக்குத் தமிழ்ல குறைக்கடத்தி."

"அப்படின்னா?" என்றார் பக்தவத்சலம்.

"மின்சாரத்தை முழுசா விடவும் விடாது. முழுசா நிறுத்தவும் நிறுத்தாது."

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் தாவூத்.

மினிட்ஸில் இது 'உறுப்பினர்கள் பெயரை வரவேற்றனர்' என்று பதிவாயிற்று.

மூன்றாம் தீர்மானம் வரும்போது கரை தெரிந்துவிட்டது. இனி இரண்டு பட்டறைகளும் தனியார் பெயரில் இருக்கலாகாது. ஐக்கிய நிறுவனத்தின் பெயருக்கு மாறவேண்டும். தாவூத்தின் மனைப் பத்திரம் அவருடைய மாமனார் பெயரில் இருந்ததால் அது ஒத்திவைக்கப்பட்டது. அறை ஒத்திவைக்கப்படவில்லை.

"ரூம் உங்க பேர்ல இருந்தா வருஷா வருஷம் என்கிட்ட வரணும். நிறுவனத்துப் பேர்ல இருந்தா நிரந்தரம்" என்றார் பன்னீர்செல்வம்.

நிரந்தரம் என்ற சொல்லைப் பக்தவத்சலம் ஏழு வருஷமாக எந்த ஆபீசிலும் கேட்டதில்லை. நெஞ்சுக்குள் சிலோன் எடுத்த மாதிரி இருந்தது. அவர் செல்லத்தை நினைத்தார். அபிமன்யுவை நினைத்தார். படகு கரையில் இடித்தது. இடித்த வேகத்தில் கையெழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டாலும் செல்லும் என்று பன்னீர்செல்வம் உறுதியளித்தார்.

ஒரு வாரத்தில் அறையின் நெற்றியில் பலகை ஏறியது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து: ஐக்கியக் குறைக்கடத்திக் கருவியாளர் நிலையம்.

இணைப்பின் பலன் உடனே தெரிந்தது. மறுநாள் காலை முதல் ஆள் வந்தார். உள்ளே வருமுன் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அண்ணே, குறைஞ்ச விலைக்குக் கடத்திக் குடுக்கிறீங்களாமே. வாட்ச் இருக்கா?"

"ஏரியல்தாங்க இருக்கு."

அவர் கண்ணைச் சிமிட்டினார். "புரியுது. ஏரியல்னே சொல்றேன். ரெண்டு ஏரியல் குடுங்க. ஒண்ணு லேடீஸ் ஏரியலா இருக்கட்டும்."

பத்து நாளைக்கு இதே கதை. பர்மாவில் செய்த ஏரியல் உண்டா, பினாங்கு ஏரியல் சாயம் போகுமா, ஒரு பாட்டில் ஏரியல் என்ன விலை என்று கேட்டார்கள். குட்வில் எஸ்டேட்டிலிருந்து ஒரு ஹெட்மாஸ்டர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, தாம் வாங்க வரவில்லை என்றும், இப்படிப்பட்ட தேசத்துரோக ஏரியல் என்ன விலைக்கு விற்கிறது என்று தெரிந்துகொண்டு கண்டிக்க வந்ததாகவும் சொன்னார். வாங்கிப் போனவர்கள் வீட்டில் கதவைத் தாழிட்டு, பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே நிஜமாகவே ஏரியல் இருப்பதைக் கண்டு, தாம் ஏமாற்றப்பட்டதை வெளியே சொல்ல முடியாமல் தவித்தார்கள்.

பன்னீர்செல்வம் விற்பனையைக் குறித்துக்கொண்டு போய், 'இணைப்புக்குப் பின் கிராக்கி நான்கு மடங்கு' என்று அறிக்கை அனுப்பினார். அறிக்கையைப் பார்த்து மேலே மகிழ்ந்தார்கள். பக்கத்து அலுவலகத்தில் சந்தேகப்பட்டார்கள்.

பக்கத்து அலுவலகத்தின் பெயர் கடல்வழிச் சரக்குக் கண்காணிப்புப் பிரிவு. அதன் அதிகாரி இந்திக்காரர். தமிழ் எழுத்து அவருக்கு முறுக்குப் பிழிந்த மாதிரி. ஆகவே உதயசூரியன் என்ற தமிழ்க் குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"யே கியா லிக்கா ஹை?" என்று பலகையைக் காட்டினார்.

உதயசூரியன் நேர்மையான மனிதர். தெரிந்ததை மறைக்கமாட்டார்; தெரியாததையும் மறைக்கமாட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஐக்கியம்னா, சப் மில்கே சாப். எல்லாரும் சேர்ந்து. குறைன்னா, தோடா. கடத்தின்னா, ஸ்மக்லர் சாப். கருவின்னா, ஹத்தியார்."

எல்லாரும் சேர்ந்து கொஞ்சமாகக் கடத்துகிறவர்கள், ஆயுதங்களோடு. அதிகாரி இடுப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். பதினெட்டு வருஷ சர்வீஸில் தொழிலைப் பலகையில் எழுதி மாட்டிய கடத்தல்காரனை அவர் பார்த்ததில்லை.

"தோடா கியோ?" என்று பக்தவத்சலத்தைக் கேட்டார்.

"ஏன் கொஞ்சமாக் கடத்துறேன்னு கேக்குறாரு" என்றார் உதயசூரியன்.

"கடத்தவே இல்லைங்க. அது மின்சாரத்தைக் கடத்துறது."

உதயசூரியன் அதையும் நேர்மையாகச் சொன்னார். மின்சாரத்தையே கடத்துகிறான் என்று கேட்டதும் அதிகாரி ஜீப்பிலிருந்து இன்னும் இரண்டு பேரை இறங்கச் சொன்னார்.

பன்னீர்செல்வம் ஓடி வந்தார். சார்ட்டை விரித்தார். குச்சியை ஓங்கி, எலக்ட்ரான்கள் எப்படி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இடம்பெயர்கின்றன என்று அரைமணி நேரம் இந்தியில் சொற்பொழிவாற்றினார். அதிகாரி கவனமாகக் கேட்டார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"யே எலக்ட்ரான் கௌன்ஸே ஜஹாஸ் ஸே ஆயா? பில் தீஜியே."

எந்தக் கப்பலில் வந்தது, பில் எங்கே? பன்னீர்செல்வத்தின் பயிற்சியில் எலக்ட்ரானுக்கு பில் வாங்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அறைக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஐம்பத்திரண்டு ஏரியல், ஒரு குறடு, பாதி சுற்றிய மூங்கில் குச்சி ஒன்று ஆகியவை 'ஆயுதங்கள்' என்று பட்டியலில் ஏறின.

பூட்டிய கதவின் முன்னால் பக்தவத்சலம் கொஞ்ச நேரம் நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஏழு வருஷமாக அந்தக் கைகள் அந்த நேரத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவை.

மறுநாள் தாவூத் அக்கரையில் தன் கொட்டகையில் பாதியை ஒழித்து, ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தார். "குறடு என்கிட்டயும் ஒண்ணு கெடக்கு. கம்பி வந்தா சுத்துங்க. தூரமா இருக்கேன்னு பாக்காதீங்க, வீட்டுல கறி உங்க பங்குக்கும் சேர்த்தே ஆக்குறாக." உண்மையான இணைப்பு அன்றைக்குத்தான் நடந்தது. அதைப் பற்றி எந்த அலுவலகத்திலும் தஸ்தாவேஜு இல்லை.

ஆனால் நாளுக்கு ஒரு தடவை பக்தவத்சலம் படகேறி அபர்தீன் வந்து முத்திரையைப் பார்த்துவிட்டுப் போவார். மார்ச் முப்பத்தொன்று வந்தது, போயிற்று. ஏப்ரலில் கண்காணிப்புப் பிரிவு ஒரு கடிதம் அனுப்பியது. தீர விசாரித்ததில் குறைக்கடத்தி என்பது குற்றமல்ல, விஞ்ஞானம் என்று தெளிந்ததாம். முத்திரை நீக்கப்படுகிறது, அறை ஊக்குவிப்பு அலுவலகத்திடம் ஒப்படைக்கப்படுகிறது.

செல்லம் அன்றைக்குத்தான் ஒன்றரை மாதம் கழித்துச் சிரித்தாள். "போய்ச் சாவியை வாங்கிட்டு வாங்க. பேசாம வாங்கிட்டு வரணும். எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது."

பக்தவத்சலம் போனபோது அறை திறந்தே இருந்தது. அவருடைய வேலைப்பலகை இருந்த இடத்தில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பன்னீர்செல்வம். சுவரில் சார்ட்.

"வாங்க மிஸ்டர் பக்தவத்சலம். உங்க ரூம் விஷயமாத்தான் ராத்திரி பகலா உழைக்கிறேன்."

"சார், ரூம்ல நீங்க இருக்கீங்களே."

"அதைத்தான் சொல்றேன். இந்த ரூமை உங்களுக்குத் திருப்பிக் குடுக்கலாமான்னு பரிசீலிக்க ஒரு தனிப் பிரிவு ஏற்படுத்தியிருக்காங்க. நான்தான் தலைவர். பிரிவுன்னா ஆபீஸ் வேணும். ஆபீஸ்னா ரூம் வேணும். அபர்தீன்ல காலியா இருந்தது இது ஒண்ணுதான்."

பக்தவத்சலம் இதை ஒரு தடவை மனதுக்குள் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் சுற்றினாலும் கம்பியின் நுனி அகப்படவில்லை.

"பரிசீலனை முடிஞ்சா?"

"முடிஞ்சா பிரிவைக் கலைச்சுடுவாங்க. அதனால நிதானமாத்தான் பண்ணணும்."

"ஏழு வருஷம் என் ரூம் சார்."

"தீர்மானம் மூணுப்படி நிறுவனத்து ரூம். நிறுவனம் ஒரு மனுக் குடுக்கட்டும். தலைமையக முத்திரையோட."

தலைமையகம் அப்போது நடுக்கடலில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பக்தவத்சலம் வாசற்படியிலேயே நின்றார். கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் அவர் கண் வாசலுக்கு மேலிருந்த பழைய பலகைமேல் போயிற்று.

பன்னீர்செல்வம் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு சங்கடம். பிரிவுக்குப் புதுப் பலகை எழுத சாங்ஷன் வரலை. பழைய பலகையிலயே ஏதாவது சின்னத் திருத்தம் பண்ணி ஓட்டச் சொல்றாங்க. நீங்க தொழில் தெரிஞ்சவர். ஏதாவது யோசனை இருக்கா?"

"இருக்கு சார். செலவே இல்லாத யோசனை."

எதிர்க்கடையில் ஒரு ஸ்டூலும், மண்ணெண்ணெய் நனைத்த துணி ஒன்றும் கிடைத்தன. பக்தவத்சலம் ஏறினார். மஞ்சள் எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்து, நடுவிலிருந்த மூன்றே எழுத்தைப் பொறுமையாகத் தேய்த்து அழித்தார். பஜாரில் போனவர்கள் நின்று படித்தார்கள். படித்தவர்கள் தமிழ் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். இந்த முறை மொழிபெயர்ப்பில் எந்தத் தப்பும் வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்று உள்ளேயிருந்து பன்னீர்செல்வம் கேட்டார்.

பக்தவத்சலம் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆச்சு சார். உங்க ஆபீஸ்ல இனிமே 'குறை'ன்னு எதுவுமே கிடையாது."